புரதத்தின் எடை 28 டால்டன் குறைவாக வருகிறது: டிஆர்என்ஏ காரணமாக இருக்குமா?

கேள்வி:
மனித மரபணு ஒன்றை ஈ. கோலை பாக்டீரியாவின் பிஎல்21 வகையில் வைத்துப் புரதம் எடுக்கிறேன். ஜெல்லில் ஒரே பட்டைதான். ஆனால் மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில், வர வேண்டிய எடைக்குப் பக்கத்திலேயே 28 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன்) குறைவாக இன்னொரு சின்ன உச்சி தெரிகிறது. மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடை மறுபடி சீக்வென்ஸ் செய்தாயிற்று, பிறழ்வு எதுவும் இல்லை. மரபணுவில் ஏஜிஏ கோடான்கள் (ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) நிறைய. அதற்குரிய டிஆர்என்ஏ (கோடானைப் படித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் மூலக்கூறு) குறைவு என்றால் புரதம் குறைவாகத்தானே வர வேண்டும்? தப்பாக ஏன் வருகிறது?

பதில் 1:
28 என்றதுமே எனக்குத் தோன்றுவது, ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் என்ற வேறு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். புரதச் சங்கிலிக்குள் ஆர்ஜினின் 156.1 டால்டன், லைசின் 128.1.

புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் தனக்கு வேண்டிய டிஆர்என்ஏவைத் தேடிப் பிடிப்பதில்லை. மிதந்து வந்து மோதுவதையெல்லாம் கோடானோடு பொருத்திப் பார்க்கிறது. ஜிடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு உடைவதற்கு முன் ஒரு சோதனை, உடைந்த பின் இன்னொன்று. இரண்டையும் தாண்டித் தவறான ஆள் நுழைவது அபூர்வம். ஆனால் ஈ. கோலையில் ஏஜிஏவைப் படிக்கும் டிஆர்என்ஏ மிகக் குறைவு. அது வந்து சேர்வதற்குள், ஏஏஏவைப் படிக்கும் லைசின் டிஆர்என்ஏ பல முறை வந்து முயன்றுவிடும். நடு எழுத்து மட்டும்தானே வேறு! முயற்சி கூடக் கூட, ஏதாவது ஒன்று நழுவி உள்ளே போய்விடுகிறது. பிழையைத் தீர்மானிப்பது இந்த இரண்டு டிஆர்என்ஏக்களின் விகிதம். ஆய்வாளர்கள் கிராமரும் ஃபாராபாவும் 2007இல் இதையே ஒளி உண்டாக்கும் நொதியான லூசிஃபரேஸை வைத்து அளந்தார்கள். ஆர்ஜினின் டிஆர்என்ஏவைக் கூட்டியதும் ஏஜிஏவில் பிழை குறைந்தது.

கேட்டவர்:
அப்போ புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினால் வெட்டினால் தெரிந்துவிடுமா?

பதில் 1:
தெரியும், ஆனால் துண்டுகளின் நீளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டிரிப்சின் ஆர்ஜினினுக்குப் பின்னும் வெட்டும், லைசினுக்குப் பின்னும் வெட்டும். துண்டு அதேதான் இருக்கும், அதன் கடைசி எழுத்து (அமினோ அமிலம்) மட்டும் 28 குறைந்திருக்கும். துண்டை மேலும் உடைத்து எடை பார்க்கும் எம்எஸ்/எம்எஸ்ஸில் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

பதில் 2:
அரிய டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் ரோசெட்டா என்ற ஈ. கோலை வகையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், அந்த உச்சி சுருங்கும். மரபணுவைப் புதிதாகச் செய்ய வசதி இருந்தால் ஏஜிஏக்களை, அதே ஆர்ஜினினைக் குறிக்கும் சிஜிடியாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அதைப் படிக்கும் டிஆர்என்ஏ ஈ. கோலையில் தாராளம். அப்புறம், இன்னொரு அரிய ஆர்ஜினின் கோடானான ஏஜிஜி இரண்டு அடுத்தடுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகமே நழுவும். அப்படி ஓர் இடத்தில் ஏறக்குறைய பாதி ரைபோசோம்கள் தடம் மாறுவதை 1988லேயே காட்டியிருக்கிறார்கள்.