எட்டு அங்குல டேப்: விழுந்த புள்ளிகள்

அச்சுக்கூடம்:

ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு எட்டு அங்குல டேப் (டேப்லெட் கணினி) வாங்கி ஏழு மாதம் ஆகிறது. எனக்கில்லை, அப்பாவுக்கு. கம்பெனி பெயர் கேட்காதீர்கள். இந்த விலையில் கிடைக்கிற நாலைந்துக்கும் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 3 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, 1280க்கு 800 திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. வாங்கலாமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களும் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். போனில் படித்தால் கண் வலிக்கிறது, பத்து அங்குல டேபைப் பிடித்தால் கை வலிக்கிறது. எட்டு அங்குலம் என்பது கிட்டத்தட்ட ஒரு கிரவுன் சைஸ் புத்தகம். அந்தக் கணக்கில்தான் வாங்கினேன்.

முதல் நாள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய புத்தகம் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப். இரண்டு பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். "என்னடா, புள்ளியெல்லாம் விழுந்திருக்கு?" என்றார்.

விரல் வைத்த இடத்தில் 'பட்டம்' என்பது 'படடம' ஆகியிருந்தது. டேபில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழுப் பக்கத்தையும் திரைக்குள் பொருத்தினால் அகலம் மொத்தமே 800 பிக்சல். வெள்ளை ஓரம் போக, ஒரு வரிக்கு நாற்பது எழுத்து என்று வைத்தால் ஒரு எழுத்துக்குப் பதினெட்டுப் பிக்சல் தேறும். அதில் மெய்யின் தலையில் உட்காரும் புள்ளிக்கு இரண்டு கிடைத்தால் அதிகம். மங்கிய அச்சு என்றால் அதுவும் போச்சு. ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் யாரும் தடுமாற மாட்டார்கள். நமக்குக் 'கல்' 'கல' ஆகிவிடும். இணையத்தில் வருகிற டேப் மதிப்பீடுகளில் இதை ஒருவரும் சொல்வதில்லை.

2012இல் வந்த நெக்ஸஸ் 7இலும் இதே 1280க்கு 800தான், அதுவும் ஏழு அங்குலத்தில். இத்தனை வருடம் கழித்தும் மலிவு விலையில் அதே பிக்சல்களை எட்டு அங்குலத்தில் பரப்பித் தருகிறார்கள். ரேம் வளர்ந்தது, கேமரா வளர்ந்தது, திரை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தீர்வு சுலபமாக இருந்தது. டேபைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். வரியின் அகலத்துக்கு 800க்குப் பதில் 1280, அதாவது ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு நேரத்தில் அரைப் பக்கம்தான் தெரியும், ஆனால் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. ஸ்கேன் இல்லாமல் தட்டச்சு செய்த நூல் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் 1998 பொங்கலிலிருந்து சேர்த்து வைத்திருக்கிற இலக்கியங்கள் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்துகொள்ளும்.

மற்றபடி படிப்பதற்குக் குறையில்லை. தினம் மூன்று மணி நேரம் படிக்கிறார், இரண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ். பெட்டியில் வந்தது 5 வாட் சார்ஜர் என்பதால் முழுசாக ஏற நாலரை மணி நேரம் ஆகிறது. எடை 340 கிராம். படுத்துக்கொண்டு படிக்கிறவர்கள் மூக்கைப் பார்த்துக்கொள்ளவும்.

பிளவுஸ்பிட்:

அண்ணா, நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கழுத்து டிசைன் ஆல்பம் வாங்கியே மாளவில்லை, கைபட்டு ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். இரண்டு வருடம் முன்பு 7500 ரூபாய்க்கு ஒரு டேப் வாங்கி டிசைன்களை எல்லாம் அதில் ஏற்றினேன். போட்ட காசு தீபாவளிக்குள் வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் தாங்களே விரலால் பெரிதாக்கி, ஜன்னல் கழுத்தா பானைக் கழுத்தா, முடிச்சு எங்கே வரும், பைப்பிங் எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள்கிறார்கள். போனில் காட்டினால் இது நடக்காது. நம் போனை யாரிடமும் கொடுக்கவும் முடியாது, இடையில் என்ன மெசேஜ் வருமோ.

ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொண்டேன். ஒரு அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மெரூன் பட்டுக்கு ஆரி வேலை டிசைன் பார்த்தார். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். எனக்கு அந்த நூல் செம்புப் பழுப்பாகத் தெரிந்தது, அதே நிறத்தில் நூல் எடுத்து வேலையும் முடித்துவிட்டேன். வாங்க வந்தவர், "நான் காட்டினது தங்க நிறம்மா" என்கிறார். நேராக உட்கார்ந்து பார்த்தால் தங்கம்தான்! சாய்த்தால் பழுப்பு. என் டேபின் திரை டிஎன் வகையாம், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுமாம். இப்போது டிசைன் மட்டும்தான் டேபில். நிறத்துக்கு நூல்கண்டையே எடுத்து வெளிச்சத்தில் காட்டிவிடுகிறேன். வாங்கும்போது, சாய்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரையா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் இருந்தால் சாய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசி பெஞ்ச்:

ஜிபே போடலாம் என்று வைஃபை மட்டும் உள்ள டேப் வாங்கிய அறிவாளி நான். யுபிஐ பதிவு செய்ய அதே கருவியில் இருக்கிற சிம்மிலிருந்து வங்கிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம்மே இல்லை, எங்கே போகும்? சிம் போடுகிற டேபிலும் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் டேட்டா மட்டும் ஓடும், கால் பேச முடியாது.

ஆறாம் வகுப்பு:

பையனுக்காக வாங்கினோம். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, அதனால் மூட்டை குறையும் என்று நினைத்தேன். அந்தப் பக்கங்கள் பெரியவை. எட்டு அங்குலத்தில் படத்துக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க ஒவ்வொரு தடவையும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அச்சுக்கூடம் சார் சொன்ன படுக்கைவாட்டு வைத்தியத்தை இன்று செய்து பார்த்தேன், பரவாயில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அறிவியல் பாடத்தில் விண்மீன் கூட்டங்கள் வந்தபோது, வானத்தில் பிடித்தால் நட்சத்திரப் பெயர் காட்டும் செயலி ஒன்றை ஏற்றி, இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனோம். டேபை மேலே தூக்கினால் படம் நகர்கிறது, கீழே இறக்கினால் நகர்கிறது. சரி, வடக்கே திரும்பு என்றேன். திரும்பினான். அதே நட்சத்திரங்கள். தெற்கே திரும்பினான். அதேதான். முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியும் ஓரியன் எங்களைவிட்டு நகரவில்லை. "அம்மா, வானம் ஹேங் ஆயிடுச்சு" என்றான்.

டேபில் சாய்வை அறிகிற உணரி மட்டும் இருக்கிறது, திசைகாட்டி இல்லை. வாங்கும்போது யார் அதைப் பார்க்கிறார்கள்? அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப திரை மங்குவதும் இதில் கிடையாது, இரவில் நாமே குறைக்க வேண்டும். அன்றைக்குக் கையாலேயே படத்தை நகர்த்தி, வானத்தோடு ஒப்பிட்டு, கடைசியில் மூன்று விண்மீன்களைக் கண்டுபிடித்தோம். அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

சால்டரிங்:

போன், டேப் சர்வீஸ் பார்க்கிறவன். நான் பார்ப்பது எல்லாம் கெட்டுப்போனதுதான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள்.

மலிவு டேபில் என் மேசைக்குப் பாதிக்கு மேல் வருவது சார்ஜிங் பின். பிள்ளைகள் ஒயரைச் செருகியபடியே மடியில் வைத்து வீடியோ பார்ப்பார்கள். பின் மேலும் கீழும் ஆடி, போர்டிலிருந்து கழன்றுவிடும். பழைய மைக்ரோ யுஎஸ்பி என்றால் இன்னும் சீக்கிரம். வாங்கினால் டைப் சி உள்ளதாக வாங்குங்கள்.

அடுத்தது பேட்டரி. எந்நேரமும் நூறிலேயே செருகி வைத்தால் சூட்டில் உப்பிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: டேபைச் சமமான மேசையில் மல்லாக்கப் போட்டு மூலையைச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் பின்பக்கம் உப்பியிருக்கிறது. திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு வெளிச்சம் கசிந்தாலும் அதேதான். உடனே நிறுத்திவிடுங்கள், அமுக்கிப் பார்க்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. சிரிக்காதீர்கள், குத்திக் கொண்டுவந்தவர் இருக்கிறார்.

'ஆறு மாதத்தில் ஸ்லோ ஆயிடுச்சு' என்பவர்களுக்கு: இந்த விலையில் உள்ளே இருப்பது இஎம்எம்சி என்கிற மலிவான, மெதுவான சேமிப்பு. 32 ஜிபி என்று பெட்டியில் இருந்தாலும் சிஸ்டம் எடுத்தது போக 20 ஜிபி கைக்கு வந்தால் பெரிது. அதையும் நிரப்பிவிட்டால் புதிதாக எழுத இடம் தேடியே அது திணறும். ஐந்தாறு ஜிபி காலியாக விடுங்கள், படம், பிடிஎஃப் எல்லாம் மெமரி கார்டில் போடுங்கள். சிலர் ரீசெட் போட்டுத் தரச் சொல்வார்கள். போட்டுத் தருவேன், நாலு மாதத்தில் திரும்பி வருவார்கள்.

பெட்டியில் '8 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அடியில் 4+4 என்று பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது நாலு ரேமே இல்லை, மேலே சொன்ன அந்த மெதுவான சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது.

திரை உடைந்தால் என்னிடம் வராதீர்கள். மாற்றுகிற செலவு டேப் விலையில் பாதியைத் தொடும். டெம்பர் கிளாஸும் ஓரம் தடித்த கவரும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கடைசி பெஞ்ச்:

ஓடிடி பார்க்கிறவர்களுக்கு ஒன்று: வைட்வைன் (Widevine) என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டின் எல்1 சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்3 மட்டும் இருந்தால் எத்தனை பெரிய சந்தா கட்டினாலும் படம் பெரும்பாலும் 480பி அளவோடு நின்றுவிடும். இதைக் காட்டுகிற இலவச செயலிகள் இருக்கின்றன. இதுவும் நான் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன், வழக்கம்போல.

அச்சுக்கூடம்:

சால்டரிங் தம்பி, படித்ததும் முதல் வேலையாக டேபை மேசையில் போட்டுச் சுண்டிப் பார்த்தேன். சுற்றவில்லை. அப்பா, "என்னடா விளையாட்டு" என்று பிடுங்கிக்கொண்டார்.

பலர் கேட்டதால் சொல்கிறேன். திரும்பவும் வாங்குவேனா என்றால், அப்பாவுக்கு வாங்குவேன். எனக்கு என்றால் இன்னும் நாலாயிரம் சேர்த்து, அகலம் 1200 பிக்சல் உள்ள திரையாக எடுப்பேன். அது இருந்தால் திருப்பாமலே புள்ளி தெரியும்.

அப்பா இப்போது டேபோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொள்கிறார். ஏதோ ஒரு மின்னூலில் பிழை பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இடது பக்கம் பிழை, வலது பக்கம் திருத்தம், ஓரத்தில் பழைய புரூஃப் குறிகள். நேற்று வரை 212. சந்தேகம் வந்தால் விரலால் பெரிதாக்கி, புள்ளி விழுந்தது திரையிலா நூலிலா என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுகிறார். இந்தப் பட்டியலை யாருக்கு அனுப்புவது என்று தினமும் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.