ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு: அடுத்தவர் மனசைப் படித்த அனுபவங்கள்

கோவை அத்தை:
ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலைப் போட்டுக் குழந்தையிடம் காட்டிவிட்டு, "வெளியே நிற்கிற உன் சிநேகிதன் இதில் என்ன இருக்கிறதென்று நினைப்பான்?" என்று கேட்பார்கள். 1980களில் வந்த பரிசோதனை. மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் "பென்சில்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு. நாலு, நாலரை வயதில் பதில் "மிட்டாய்" என்று மாறிவிடும்.

அண்ணன் மகனுக்கு அப்போது மூன்றரை. நானும் பார்க்கலாமே என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். உள்ளே துவரம்பருப்பு. "பாட்டி என்ன இருக்குன்னு நினைப்பாங்க?" "பருப்பு." சரி, இன்னும் வயது வரவில்லை என்று முடிவு கட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: நம் வீடுகளில் எந்தப் பாட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸை எதிர்பார்க்கிறார்? பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசி நூல். கடைசியில் ஜெம்ஸ் பாக்கெட்டில் கொண்டைக்கடலையைப் போட்டுக் கேட்டேன். "கடலைன்னு நினைப்பாங்க." எட்டு மாதம் கழித்து அதே பாக்கெட், அதே கேள்வி. "ஜெம்ஸ்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அடகுக் கடைக்காரர்:
கண்களை மட்டும் காட்டும் 36 படங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு சொற்கள். அந்த ஆளின் மனநிலைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் சைமன் பேரன்-கோயன் குழு 2001இல் திருத்தி வெளியிட்ட சோதனை இது. மனைவி 29 எடுத்தாள், நான் 22. (பாதிச் சொற்களுக்கு அகராதி பார்த்தேன். இது கண்ணைப் படிக்கிற சோதனையா, இங்கிலீஷ் பரீட்சையா என்ற சந்தேகம் இன்னும் உண்டு.) 57 நாடுகளில் மூன்று லட்சம் பேர் இதைச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. 36 நாடுகளில் பெண்களின் சராசரி கூடுதல், 21இல் ஏறக்குறைய சமம், ஆண்கள் முந்திய நாடு ஒன்றுகூட இல்லை. எனக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான்.

ஆனால் கடையில் எனக்குக் கண் தப்பாது. சங்கிலியை மேசையில் வைக்கிற விதத்திலேயே மீட்க வருவாரா, நகை மூழ்கிவிடுமா என்று தெரிந்துவிடும். மீட்க வருகிறவர் அதன்மேலிருந்து கையைச் சட்டென்று எடுக்க மாட்டார். "அந்தக் கண்ணைக் கடையிலேயே பூட்டிவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்டாள். 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அடுத்தவர் நினைப்பைச் சரியாகச் சொன்னால் காசு என்றதும் ஆண், பெண் வித்தியாசமே மறைந்துபோனதாம். எனக்கு ஆச்சரியமில்லை. கடையில் தப்பாகப் படித்தால் என் பணம் போகும். வீட்டில் அவளே சமாளித்துக்கொள்வாள் என்று 19 வருஷம் இருந்துவிட்டேன்.

திருச்சி அம்மா:
எனக்கு 71. கண் படங்களை வைத்து 57 நாடுகளில் செய்த அதே ஆய்வில், வயது ஏற ஏற மதிப்பெண் மெல்லக் குறைவதாகவும் இருக்கிறது என்றான் பேரன். இருக்கலாம். வீடியோ காலில் அவன் முகம் வாடியிருக்கிறதா, நெட் சரியில்லையா என்றே எனக்குப் புரிவதில்லை. ஆனால் மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, "ஆச்சும்மா"வுக்கு முன்னால் ஒரு "ம்" வந்தால் அவள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையோடு சண்டையும் போட்டிருப்பாள்.