நெட்வொர்க்ல வர்ற 8 சேனல் ஒலி வெட்டுது: பஃபரா, கிளாக்கா?

மேடைஒலி: எங்க சபா அரங்குல மிக்சர்லேர்ந்து ஏஇஎஸ்67 முறையில (நெட்வொர்க் வழியா ஒலி அனுப்புற தரமுறை) 8 சேனல், கேபிள் வழியா ஒரு லினக்ஸ் கணினிக்கு வருது. அங்கேர்ந்து யூஎஸ்பி சவுண்டு கார்டு, பின்வரிசை ஸ்பீக்கர்கள். பஃபர் (வர்ற ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிற இடம்) 20 மில்லிசெகண்ட். மூணு நாலு நிமிஷத்துக்கு ஒருதடவை 'டிக்'னு வெட்டுது. சுவிட்சை மாத்தணுமா?

கம்பிவழி: சுவிட்சைத் தொடாதீங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 8 சேனல்னா 9.2 மெகாபிட்தான். 100 மெகாபிட் சுவிட்சே தாராளம். பஃபரை 200 ஆக்குங்க.

சுருதிபேதம்: தீராதுங்க. வெட்டு ஒரே இடைவெளியில வருதுன்னா கிளாக்கைத்தான் சந்தேகப்படணும். சேம்பிள் (ஒலியோட ஒவ்வொரு அளவெடுப்பு) எந்த வேகத்துல ஓடணும்னு சொல்ற மிக்சரோட கிளாக் வேற, அதே வேலையைச் செய்யுற கார்டோட கிரிஸ்டல் வேற. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே விநாடிக்கு 2.4 சேம்பிள் இடிக்கும். பாதி நிரம்பின 20 மில்லிசெகண்ட் பஃபர் 200 விநாடியில காலி. 200 வச்சா அரைமணி தாங்கும். அப்புறம் அதே வெட்டு, தனி ஆவர்த்தனம் நடுவுல.

கம்பிவழி: அப்போ 1200 வைங்க! உங்க கணக்குப்படியே மூணு மணி நேரத்துல 540 மில்லிசெகண்ட்தானே விலகும்? மங்களம் பாடுற வரைக்கும் வெட்டாது. கச்சேரி நாள்ல மென்பொருளை நோண்டுறதுதான் ஆபத்து.

சுருதிபேதம்: பின்வரிசைக்கு மேடைச் சத்தம் நேராவும் வருதே! 20 மீட்டரைக் காத்துல கடக்க 58 மில்லிசெகண்ட். ஸ்பீக்கர் அதை ஒட்டி வரணும். 600 தள்ளி வந்தா மிருதங்கத்துல ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை விழும். அந்தத் தாமதமும் நிக்காம நகரும். 6 மணிக்கு ஒட்டவச்சது 8 மணிக்கு ஒட்டாது.

தாளக்கட்டு: கணினியில பிடிபி (நெட்வொர்க் வழியா கிளாக்குகளை ஒத்துப்போக வைக்கிற முறை) ஓடவிட்டா போதாதா?

சுருதிபேதம்: அது கணினியோட நேரத்தைத்தான் சரிப்படுத்தும், யூஎஸ்பி கிரிஸ்டல் அதுபாட்டுக்கு ஓடும். மிக்சரோட கிளாக் துடிப்பை (வேர்டு கிளாக்) வெளியிலேர்ந்து வாங்குற கார்டு போடணும். இல்லேன்னா அடாப்டிவ் ரீசாம்ப்ளிங்: பஃபர் மட்டத்தைப் பார்த்து வேகத்தை நூலளவு கூட்டிக் குறைக்கிறது. லினக்ஸோட ஒலி மென்பொருள் பைப்வயர்ல இருக்கு. 8 சேனலையும் சேர்த்தே விடுங்க. தனித்தனியா விட்டா ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஃபேஸ் (ஒலி அலைகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறது) பிசகும்.

கம்பிவழி: அரங்குக்குள்ள ஒத்துக்கறேன். நேர்ச்சத்தம் எட்டாத வாசல் கூடத்துக்கு நான் 1200தான் வைப்பேன். ரெக்கார்டிங்குக்குப் பெரிய பஃபரும் வேண்டாம், ரீசாம்ப்ளிங்கும் வேண்டாம், வர்ற சேம்பிளை அப்படியே கோப்புல எழுதினா போதும்.

மேடைஒலி: பஃபர் மட்டத்தைப் பார்த்தேன். சீரா இறங்கிக்கிட்டே போகுது, காலியாகுற நேரம்தான் டிக். பைப்வயர் போட்டு, ஆளில்லாத அரங்குல மூணு மணி நேரம் ஓடவிட்டுச் சொல்றேன்.