மஸ்டாங் வி6: கால் மைல் 15.13 நொடி. 1500 டாலரில் எதை மாற்றலாம்?

இர்விங் பையன்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். சொந்த ஊர் திருச்சி, இப்போது டாலஸ் பக்கம் இர்விங்கில் வேலை. போன வருடம் 2013 மஸ்டாங் வி6 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறு கியர் மேனுவல், 305 குதிரைசக்தி, 91,000 மைல் ஓடிய வண்டி. தினமும் ஆபீசுக்குப் போவதும் இதில்தான், சனிக்கிழமை பட்டேல் கடையில் அரிசி மூட்டை ஏற்றுவதும் இதில்தான்.

போன வாரம் முதல் முறையாக எனிஸ் மோட்டர்ப்ளெக்ஸ் என்ற கால் மைல் பந்தயத் தடத்துக்கு எடுத்துப் போனேன். டெஸ்ட் அண்ட் டியூன் இரவு, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மூன்று முறை ஓட்டியதில் நல்ல ஸ்லிப் (ஒவ்வொரு தூரத்தையும் தாண்டிய நொடிகள் அச்சிட்ட சீட்டு) இதுதான்:

ரியாக்‌ஷன் 0.912
60 அடி 2.481
330 அடி 6.60
அரைக்கால் மைல் 9.95 (75.2 மைல் வேகம்)
1000 அடி 12.80
கால் மைல் 15.13 (98.6 மைல் வேகம்)

இதே வண்டி 14 நொடியில் ஓடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து லேனில் ஒரு மினிவேன் என்னைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது. நண்பர்கள் வீடியோ வேறு எடுத்துவிட்டார்கள். தெரிந்த ஒரு கடையில் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்), டியூன் (எஞ்சின் கணினியின் அமைப்பு) மூன்றும் சேர்த்து 1500 டாலர் என்கிறார்கள். இந்த வருடத்துக்கு என்னிடம் இருப்பதே அவ்வளவுதான். போடலாமா?

இன்னொரு சந்தேகம். ரியாக்‌ஷன் 0.912ஐ 15.13இல் கழித்தால் 14.2 வருகிறது. அதுதான் உண்மையான நேரமா?

பிளேனோ டர்போ:

தம்பி, வி6ஐ விற்றுவிட்டு 5.0 (வி8 மஸ்டாங்) வாங்கு. இல்லாவிட்டால் எக்ஸாஸ்டைப் போடு, மினிவேன்காரருக்கு நீ வருகிற சத்தமாவது கேட்கும்.

கேம்ரி மாமா:

டர்போ சொல்வதைக் கேட்காதே. அவர் காசில் அவர் எதையும் வாங்கட்டும்.

முதலில் உன் கணக்கு தப்பு. ரியாக்‌ஷன் நேரம் அந்த 15.13க்குள் இல்லவே இல்லை. பச்சை விழுந்த பிறகு நீ எவ்வளவு நேரம் தூங்கினாய் என்பது தனிக் கணக்கு. உன் முன்சக்கரம் கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரத்துக்கான கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பச்சை விழுந்து நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினாலும் ஸ்லிப்பில் அதே 15.13தான் வரும். ஆகவே கழிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள்.

இப்போது ஸ்லிப்பை அடியிலிருந்து படி. கடைசி வேகம் எஞ்சினைப் பற்றிச் சொல்லும், மேலே இருக்கும் அறுபதடி ஓட்டுகிறவனைப் பற்றிச் சொல்லும். 98.6 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டுகிற வண்டி 14.3 பக்கம் வந்திருக்க வேண்டும். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, டெக்சாஸ் ஆகஸ்ட் வெக்கையிலும் தன் வேலையைச் செய்திருக்கிறது. நீ போனது என்றைக்கு என்று தெரியாது, ஆனால் போன வாரம் இரவு எட்டு மணிக்கும் இங்கே 95 டிகிரி ஃபாரன்ஹீட். அந்தச் சூட்டில் காற்று அவ்வளவு மெலிந்துபோகும். எஞ்சினுக்கு அது 3000 அடி மலை மேல் ஓடுகிற மாதிரி.

உன் நொடிகளெல்லாம் அந்த முதல் அறுபதடியில்தான் போய்விட்டன. 2.48 என்பது சிக்னலில் பின்னால் போலீஸ் நிற்கும்போது கிளம்புகிற நேரம். உன் டயரிலேயே 2.2 வரும், பழகினால் 2.1. அறுபதடியில் 0.1 நொடி மிச்சம் பிடித்தால் கோட்டில் அது 0.15, சில நேரம் 0.2 ஆகக்கூட வரும். 1500 டாலர் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து தருவதை விட இது அதிகம். செலவும் கிடையாது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நாலாவது கியர் போட்டாயா? அந்த வண்டியில் பின் ஆக்ஸில் கியர் விகிதம் 2.73 ஆனாலும் 3.31 ஆனாலும், 7000 ஆர்பிஎம் வரை இழுத்தால் மூன்றாவதிலேயே கோடு முடிந்துவிடும். ஐந்தாயிரத்தில் மாற்றியிருந்தால் அது ஆபீஸ் போகிற பழக்கம்.

அடுத்த முறை இப்படிச் செய். வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடு. நான் முதல் தடவை போனபோது அணைக்கவில்லை. என்னுடையது 2009 கேம்ரி வி6, பின் சீட்டில் குழந்தை சீட் இருந்த தடம் இன்னும் இருக்கிறது. 100 டிகிரி வெயிலில் அரை மணி நேரம் ஏசி ஓடிய கேம்ரி கோட்டில் போய் நின்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒருவர் துடைப்பான் கொண்டு வந்தார், இன்னொருவர் ஊதி உலர்த்தும் கருவியோடு வந்தார். எனக்குப் பின்னால் நாற்பது வண்டி. என் மனைவி கேலரியிலிருந்து எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம், கோட்டுக்கு முன்னால் தரையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். அது வழுக்கை டயர் போட்ட பந்தய வண்டிகள் சக்கரம் சுழற்றிச் சூடேற்ற. நீ அதைச் சுற்றிக்கொண்டு போ. ரோட்டு டயரின் பள்ளத்தில் தண்ணீர் ஏறினால் கோடு வரை கூடவே வரும். சுற்றிப் போன பிறகு ஒரே ஒரு விநாடி சக்கரத்தைச் சுழற்றி, ஒட்டிய கல்லை உதறிவிட்டால் போதும்.

காற்று: பின் டயரில் 28 பிஎஸ்ஐ, முன்னால் 38. வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் பழையபடி ஏற்றிவிடு. (என் கேம்ரி முன்சக்கரத்தில் இழுப்பதால் நான் தலைகீழாகச் செய்வேன். ஒருநாள் யாரோ சொன்னதைக் கேட்டு உன் மாதிரி வைத்து, கோட்டிலேயே புகை போட்டுக்கொண்டு நின்றேன்.) டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணை. 2000, 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு கிளச்சை மெதுவாக விடு, சக்கரம் பிடித்த பிறகு முழுசாக மிதி. 5000த்தில் கிளச்சைப் படாரென்று விடுகிறவன் 1500 டாலரைக் கிளச்சுக்குத்தான் கொடுப்பான்.

ஸ்டேஜ் பண்ணும்போது, அதாவது வண்டியைக் கோட்டில் கொண்டு நிறுத்தும்போது, மேலே முதல் ஜோடி விளக்கு எரியும், இரண்டாவது ஜோடி எரிந்த அந்த நொடியே நின்றுவிடு. இன்னும் அரை அடி முன்னால் போனால் ஒளிக்கற்றையை விடும் முன் உருள்வதற்கான இடம் குறையும், நேரம் கூடும்.

எனிஸ் தரை கான்கிரீட். பந்தயக்காரர் பில்லி மேயர் 1986இல் கட்டியது. பந்தயக்காரர் எடி ஹில் 1988இல், பிஸ்டன் எஞ்சின் வண்டிகளில் முதல் முறையாக 5 நொடிக்குள், 4.990இல் கால் மைலை முடித்தது இதே தரையில்தான். நீயும் நானும் 15 நொடி எடுத்துக்கொள்கிறோம், தரை ஒன்றும் சொல்லாது.

இர்விங் பையன்:

மாமா, நாலாவது போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஹெல்மெட் வேண்டுமா? அன்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் வண்டி அடிபட்டால் இன்ஷூரன்ஸ் தருமா? இல்லையென்றால் நண்பர்கள் ஒரு இடம் சொல்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத சர்வீஸ் ரோடு, காசும் கிடையாது…

ஆஸ்டின் அக்கா:

இன்ஷூரன்ஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பன்னிரண்டு வருடமாக அந்தத் தொழில்தான். உன் பாலிசிப் புத்தகத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியில் ரேசிங் என்ற சொல்லைத் தேடு. பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். சிலவற்றில் போட்டி என்று மட்டும் இருக்கும், சிலவற்றில் பந்தயத்துக்காகக் கட்டிய இடத்தில் எது நடந்தாலும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உன் வண்டியின் விலை நிற்கிறது. வண்டி போனாலும் தாங்கிக்கொள்வேன் என்கிற மனசோடுதான் கோட்டுக்குப் போக வேண்டும்.

அந்த ராத்திரி இரண்டு மணி யோசனையை இப்போதே விடு தம்பி. டெக்சாஸில் ரோட்டில் பந்தயம் ஓட்டுவது கிளாஸ் பி குற்றம். 180 நாள் வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். விசாவில் இருக்கிற உனக்கு அபராதத்தை விடக் கைது என்ற சொல்தான் செலவு வைக்கும். அதற்கப்புறம் நீ நிரப்புகிற ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கேள்வி வரும்.

கேம்ரி மாமா:

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பெரம்பூர்க்காரன், சின்ன வயசில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். ஓடுதளத்தில் ஓட்டுகிறவனையும் ரோட்டில் ஓட்டுகிறவனையும் எங்கள் அப்பா ஒரே பெயரில் திட்டமாட்டார்.

ஹெல்மெட்: என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தயச் சங்கம்) விதிப்படி 13.99 அல்லது அதற்கும் வேகமாக ஓடினால் கட்டாயம். நீ இன்று 15. குளிர்காலத்தில் நன்றாகக் கிளம்பினால் 13.9 வந்துவிடும், அப்போது தலையில் ஒன்றும் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்னெல் சான்று உள்ளதாக ஒன்று வாங்கிவிடு. முழுக்கால் பேண்ட், சாக்ஸ், மூடிய ஷூ. அரைக்கால் சட்டையோடு செருப்பில் வந்த நம் ஆட்களை வாசலிலேயே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். டிக்கியில் இருக்கும் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வா.

1500ஐ என்ன செய்வது என்று கேட்டாய். ஹெல்மெட், காற்று பார்க்கும் ஒரு நல்ல கேஜ், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில். மீதியை நுழைவுச் சீட்டுக்கு வை. பின் டயர் தேயும்போது பிடிப்பு அதிகமான இரண்டு டயர் வாங்கு, அதற்கு முன்னால் வேண்டாம். பத்து ராத்திரி ஓட்டிய பிறகும் எக்ஸாஸ்ட் வேண்டும் என்றால் உன் இஷ்டம்.

அப்புறம் பிராக்கெட் பந்தயத்துக்கு வா. நம் மாதிரி ஆட்களுக்காகவே செய்தது அது. உன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று நீயே சொல்லி, வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் முன்கூட்டியே கிடைக்கும். எழுதியதை விட வேகமாக ஓடினால் தோற்றாய்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை நான் 14.72 என்று எழுதினேன். எதிரில் 1969 ஷெவி நோவா, அவர் எழுதியது 10.90. எனக்குப் பச்சை விழுந்து 3.82 நொடி கழித்துத்தான் அவருக்கு விழும். நான் கிளம்பிவிட்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒன்றுமில்லை. ரோடு முழுக்க எனக்கே. ஆயிரம் அடி தாண்டும்போதும் ஒன்றுமில்லை. அப்புறம் முதலில் நெஞ்சில் ஒரு அதிர்வு, அதற்குப் பிறகுதான் காதில் சத்தம், பக்கத்துச் சன்னலில் ஒரு சிவப்பு. முன் பம்பர் அளவுக்கு நான் முந்தினேன். வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கத்தினேன். சிறு கூண்டு மாதிரி ஒரு அறையில் ஸ்லிப் கொடுக்கிற அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். 14.64. நான் 14.72 எழுதியது சாயங்காலம் வெயிலில். பந்தயம் நடந்தது இரவு ஒன்பதரைக்கு, பத்து டிகிரி இறங்கியிருந்தது. குளிர்ந்த காற்றில் கேம்ரி எனக்குச் சொல்லாமலேயே 0.08 நொடி வேகமாகிவிட்டது. எழுதியதை விட வேகம், ஆகவே தோல்வி. அன்றிலிருந்து கதவுப் பையில் ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு.

பிளேனோ டர்போ:

மாமா, நான் 5.0இல் மூன்று வருடமாக வருகிறேன், பிராக்கெட்டில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள்.

கேம்ரி மாமா:

விற்றுவிட்டு கேம்ரி வாங்கு.

இர்விங் பையன்:

அக்டோபர் இரண்டாவது வாரம் மறுபடியும் போனேன். இரவு 62 டிகிரி. வண்டியில் ஒரு போல்ட்கூட மாற்றவில்லை. ஹெல்மெட் 160 டாலர், கேஜ் 12 டாலர். பாலிசியைப் படித்தேன், அக்கா சொன்ன வரி இருக்கிறது.

முதல் ஓட்டம் 14.71. கிளச்சை விட்டதில் சக்கரம் வழுக்கியது. இரண்டாவதில் காற்றை 28 ஆக்கினேன், அறுபதடி 2.214, கால் மைல் 14.26, வேகம் 101.1. மூன்றாவதில் 14.24. நாலாவது கியர் பக்கம் கையே போகவில்லை.

அந்த மூன்றாவது ஓட்டத்தில் சிவப்பு விளக்கு வாங்கினேன், ரியாக்‌ஷன் மைனஸ் 0.031. பச்சைக்கு முன் வரும் மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கால் போய்விட்டது.

கேம்ரி மாமா:

மூன்றாவது மஞ்சளில் கிளம்பியது சரிதான். பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன் எப்போதும் தாமதம். கால் இன்னும் ஒரு பொடி மெதுவாகப் போகட்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வாசலுக்கு வந்துவிடு, ஷூ பாலிஷ் என்னிடம் இருக்கிறது. 14.24 என்று எழுதாதே, அது ராத்திரி நேரம்.