நீடுழைப்பு: ஆட்டக்காரருக்கும் புல்தரைக்கும் பொருந்தும் ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

டென்னிஸ் ஆட்டக்காரர்களின் லாஞ்செவிட்டி (longevity, பல ஆண்டுகள் உச்சத்தில் நீடித்து ஆடுவது), விம்பிள்டன் புல்தரை ஆகிய இரண்டையும் பற்றிப் பேசி, அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், லாஞ்செவிட்டிக்கு இதுவரை வந்த மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'நீண்ட ஆயுள்' சரிப்படாது. ஆயுள் என்றால் உயிரோடு இருப்பது. நாம் பேசுவது களத்தில் இருப்பதைப் பற்றி. 'ஆட்டக்காலம்' என்றால் ஒரு ஆட்டம் எத்தனை மணி நேரம் நடந்தது என்றுதான் முதலில் தோன்றும். 'நீடாட்டம்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்களே, அதுதான் நீடாட்டம். அந்தச் சொல்லை அதற்கே கொடுத்துவிடலாம்.

நான் முன்வைப்பது 'நீடுழைப்பு'.

செருப்புக் கடையில் "இது எத்தனை நாள் உழைக்கும்?" என்று கேட்கிறோம். தினமும் போட்டு நடந்தும் தேயாமல், பிய்ந்துபோகாமல் இருந்தால் 'நல்லா உழைச்சுது' என்கிறோம். பெட்டிக்குள்ளேயே கிடந்த செருப்பை அப்படிச் சொல்வதில்லை. ஆட்டக்காரர் விஷயத்திலும் இதே கதைதான். தரவரிசையில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, உச்சத்தில் நின்று ஆட வேண்டும்.

இதற்கு முதல் எடுத்துக்காட்டாக நான் சொல்வது ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் கென் ரோஸ்வால். 1954இல் விம்பிள்டன் இறுதி ஆட்டம் ஆடினார். 1974இல், 39 வயதில், மறுபடியும் ஆடினார். நடுவில் தொழில்முறை ஆட்டக்காரராகப் போனதால் (அப்போது அங்கே அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம்) 1957 முதல் 1967 வரை அந்த வாசலே அவருக்கு அடைத்திருந்தது. ஆடிய நான்கு இறுதிகளில் ஒன்றிலும் வெல்லவில்லை. கடைசி இறுதியில் கானர்ஸ் 6-1, 6-1, 6-4 என்று நொறுக்கினார். ஆனாலும் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு இறுதிகள்! இதை 'நீண்ட ஆயுள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் விவாதத்தின் மறுபாதியான புல்தரைக்கும் இதே சொல் பொருந்துகிறது. 2001க்கு முன் விம்பிள்டன் தரையில் 70 விழுக்காடு ரை புல், 30 விழுக்காடு படரும் ஃபெஸ்க்யூ என்ற வேறொரு புல். அந்த ஆண்டிலிருந்து முழுக்க ரை. மிதிபட்டாலும் தாங்க வேண்டும், அதாவது புல் அதிக நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. உயரம் அதே 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அடிமண் இறுகி, பந்து முன்பைவிட நிமிர்ந்து எழத் தொடங்கியது. 2002 இறுதியிலேயே ஹெவிட், நல்பாந்தியன் இருவரும் வலைக்கு ஓடாமல் பின்கோட்டில் (பேஸ்லைன், களத்தின் கடைசிக் கோடு) நின்றபடி ஆடினார்கள்.

தேய்மானத்தைப் பார்த்தாலே ஆட்டம் மாறிய கதை தெரிந்துவிடும். எண்பதுகளின் இறுதி ஆட்டப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடியவர்களின் கால்பட்டு, பின்கோட்டிலிருந்து சர்வீஸ் கோடு வரை புல் செத்து மண் தெரியும். இப்போது இரண்டாம் வாரத்தில் பின்கோட்டை ஒட்டி மட்டும் பழுப்புப் பட்டை. முன்பக்கம் கிட்டத்தட்ட பச்சையாகவே இருக்கிறது.

"புல் மாறியதால்தான் இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் இத்தனை வயது வரை தாக்குப்பிடிக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாதி ஒப்புக்கொள்கிறேன். எல்லாத் தரையிலும் ஒரே பாணியில் ஆட முடிந்தால் உடம்புக்கும் மனதுக்கும் சுமை குறையும்தான். 2019 இறுதியில் 37 வயது ஃபெடரரும் 32 வயது ஜோகோவிச்சும் 4 மணி 57 நிமிடம் மல்லுக்கட்டியது இந்தப் புதுத் தரையில்தான். ஜோகோவிச் 2025இல் 38 வயதில் அரையிறுதி வரை வந்ததும் இதே தரையில்தான். ஆனால் ரோஸ்வாலும், 1994இல் 37 வயதில் இறுதி ஆடிய நவ்ரதிலோவாவும் பழைய புல்லில் ஆடியவர்கள். பந்து தாழ்ந்து வழுக்கி வந்த அந்தத் தரையில் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் சீக்கிரம் முடிந்துவிடும். அதுவும் ஒரு வகையில் வயதுக்கு இரக்கம் காட்டிய தரைதான். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதிக்குப் போனது அந்தக் காலத்துப் புல்லில்.

'உழைப்பு என்றால் பாடுபடுவது என்றல்லவா படிப்பார்கள்?' என்ற மறுப்பு வரும். நியாயம்தான். ஆனால் முன்னால் 'நீடு' வந்ததும் பொருள் திரும்பிவிடுகிறது. அப்புறம், இது ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நீடிய, நீடுகிற, நீடும் உழைப்பு என்று மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. ஓய்வு பெற்ற ரோஸ்வாலுக்கும் சரி, இன்னும் ஆடிக்கொண்டிருப்பவருக்கும் சரி, ஒரே சொல் போதும்.

புல்தரையைப் 'புற்றரை' என்று புணர்த்தி எழுதச் சொன்ன ஐயாவுக்கு: இலக்கணம் உங்கள் பக்கம். ஆனால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது புற்று. நாளிதழ்களில் பழகிய 'புல்தரை'யையே வைத்துக்கொள்வோம்.

தரையின் ஈரம், இறுக்கம், பந்து எழும் உயரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'தரைவாகு' எப்படி இருக்கும்? விவசாயத்தில் மண்வாகு என்கிறோமே, அதைப் பார்த்து வந்தது. முதல் திங்கள்கிழமையன்று புது ஷூ வழுக்கும் பச்சைத் தரைக்கு ஒரு வாகு, இரண்டாம் ஞாயிறன்று காய்ந்து கிடக்கும் தரைக்கு வேறு வாகு. 'தரைநிலை' போதும் என்று நினைப்பவர்கள் அதே பொருளில் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்.