இம்ப்ளாண்ட் பொருத்திய பின் தாடை மூட்டு எலும்பு தட்டையாகுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, இத்தனை காலமும் இடப்பக்கமாக மென்று வந்தார். சென்ற ஆண்டு அங்கே இரண்டு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்து, ஐந்து மாதங்களுக்கு முன் அவற்றின் மேல் பீங்கான் பற்களைப் பொருத்தினார்கள். அதன் பிறகு வாயைத் திறக்கும்போதெல்லாம் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஓசை கேட்கிறது. சப்பாத்தியை மெல்லும்போது கன்னத்தில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறார். சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) படத்தில் வலது தாடை மூட்டின் எலும்புக் குமிழ் தட்டையாகியிருப்பதாக அறிக்கை வந்துள்ளது. இம்ப்ளாண்ட்தான் எலும்பைத் தேய்த்துவிட்டதா? கழற்றிவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

மறுமொழி (பல் சீரமைப்பு மருத்துவர்):
அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். தாடை மூட்டின் குமிழ், தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் உருவம் மாற்றிக்கொள்ளும் எலும்பு. பற்களை முழுவதும் இழந்தவர்களின் குமிழுக்குள் இருக்கும் பஞ்சு எலும்பு அடர்த்தி குறைந்து போவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆகவே மெல்லும் சுமை திரும்பக் கிடைப்பது அந்த எலும்புக்குப் பகை அன்று. தட்டையாதல் மட்டும் தெரிந்தால், 2014இல் வெளிவந்த பன்னாட்டு நோயறி வரையறையின்படி அது மூட்டுத் தேய்மான நோய் ஆகாது. அரிப்பு, எலும்பு முள், மேற்பரப்புக்கு அடியில் நீர்ப்பை ஆகியவற்றில் ஏதேனும் அறிக்கையில் உள்ளதா என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டியது கடியின் உயரம். இயற்கைப் பல்லைச் சுற்றி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் இருப்பதால், கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அமிழ்ந்து கொடுக்கும். எலும்போடு ஒட்டிய இம்ப்ளாண்ட் 3 முதல் 5 மைக்ரானுக்கு மேல் அசையாது. அந்தப் படலத்தோடு நுண்ணுணர்வும் போய்விடுவதால், பீங்கான் பல் சற்றே உயரமாக இருந்தாலும் அம்மாவுக்கு உடனே தெரியாது. தாடைதான் விலகி விலகி மென்று களைத்துப் போகும். மென்மையாகக் கடிக்கச் சொல்லி, 8 மைக்ரான் உலோகத் தாளை இடையில் வைத்து இழுத்தால், பக்கத்து இயற்கைப் பல் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இம்ப்ளாண்ட் பல்லிலிருந்து அது வழுக்கி வர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். 'டக்' ஓசை பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இடம் மாறுவதால் வருவது. அதை எம்ஆர்ஐ காட்டுமே தவிர சிபிசிடி காட்டாது.

மறுமொழி (நோயாளி ஒருவரின் மகள்):
என் அப்பாவுக்கும் இதே வலி வந்தது. அவர் தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பவர் என்பதை அம்மா சொல்லித்தான் மருத்துவர் அறிந்தார். நீல நிறத் தாளைக் கடிக்க வைத்தபோது, பீங்கான் பல்லின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தமான கறை விழுந்ததை நானே பார்த்தேன். அந்த மூலையைத் தேய்த்துச் சமன் செய்து, இரவில் அணியக் கடிதட்டு கொடுத்தார்கள். சில வாரங்களில் வலி போய்விட்டது. ஓசை மட்டும் இன்னும் இருக்கிறது, ஆனால் அது அவருக்குத் துன்பம் தரவில்லை. உங்கள் அம்மா இரவில் பல் கடிக்கிறாரா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி (வாய்க் கதிரியக்க மருத்துவர்):
பல் பொருத்துவதற்கு முன் எடுத்த ஓபிஜி (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) படம் உங்களிடம் இருக்கும். இம்ப்ளாண்ட் திட்டமிட எடுக்கும் சிபிசிடியில் பெரும்பாலும் மூட்டு இடம்பெறாது. ஓபிஜியில் இரு குமிழ்களும் விளிம்பில் தெரியும். நுணுக்கங்களை அதில் அளக்க இயலாது. ஆயினும் உருவம் முன்பே மாறியிருந்ததா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
பழைய ஓபிஜியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வலது குமிழ் அப்போதே இடதைவிடத் தட்டையாகத்தான் தெரிகிறது. நீர்ப்பை, முள், அரிப்பு எதுவும் அறிக்கையில் இல்லை. இரவில் பல் கடிக்கும் ஓசை கேட்பதாக அப்பாவும் சொன்னார். வரும் வெள்ளியன்று இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு கடியைச் சோதிக்கப் போகிறோம். கழற்றும் பேச்சை அம்மா விட்டுவிட்டார்.