புதுப்பிப்பு: ஸ்டொப் சைன் டிக்கெட் என்ன ஆனது?

போன மாதம் எழுதியிருந்தேன்: ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஸ்டொப் சைன் உள்ள ஒரு நாற்சந்தியில் நிற்காமல் போனதாக பொலிஸ் டிக்கெட் எழுதியது, "நான் நின்றேன், சத்தியமாக நின்றேன்" என்று நான் புலம்பியது. 110 டொலர் அபராதம், ஓட்டுநர் பதிவில் ஏறும் 3 குறைப்புப் புள்ளிகள் (demerit points).

பணத்தைக் கட்டவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். 15 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்பதால், நகரசபை வழக்குத் தொடுநரோடு முன்கூட்டியே பேசும் சந்திப்பைக் கேட்டேன்.

அவர் பொலிஸ்காரரின் குறிப்பை வாசித்துக் காட்டினார். "வெள்ளைக் கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் பார்க்க மெதுவாக்கி, பிறகு திரும்பியது." வாயடைத்துப் போனேன். மூலை வீட்டு வேலி மறைப்பதால் நான் எப்போதும் கோட்டுக்கு அப்பால் போய்த்தான் நிற்பேன். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 136ஆம் பிரிவுப்படி கோடு இருந்தால் கோட்டில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து வீதி தெரியாவிட்டால் மெல்ல முன்னால் போய் இன்னொரு தடவை பார்க்கலாம். முதல் நிறுத்தம் கோட்டில்.

அப்புறம், குற்றச்சாட்டை "சைனுக்குக் கீழ்ப்படியாமை" என்று மாற்றித் தருவதாகச் சொன்னார்: 2 புள்ளிகள். ஒத்துக்கொண்டேன். ஆனால் காப்புறுதிக் கம்பனி புள்ளியைப் பார்ப்பதில்லை, குற்றத்தீர்ப்பைத்தான் பார்க்கும் என்று பின்னேரம் மச்சான் சொன்னான். அதை முதலே சொல்லியிருக்கலாம், பாவி. காப்புறுதியைப் புதுப்பிப்பது மார்ச்சில், கட்டணம் ஏறுமா என்று அப்போது தெரியும்.